ஐந்தாவது பெயர்

கம்ப்யூட்டர், மெஷினைக் காணவில்லை என்றது. மெஷின் யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

பேனலின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை விளக்கு. கம்ப்யூட்டரோடு இணைப்பு இருந்தால்தான் அது எரியும். கம்ப்யூட்டர் எதையாவது அனுப்பினால்தான் மினுங்கும். இப்போது மினுங்கியது. சீராக இல்லை. ஒருவர் சொல்லி, நிறுத்தி, யோசித்து, மறுபடி சொல்வதைப் போல. ஜோசஃபின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். மெஷினிலிருந்து பிடுங்கிய கேபிள் அவள் கையில்தான் இருந்தது.

"கேபிளைப் பிடுங்கிட்டீங்களாக்கா?" ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து ரூபினி கேட்டாள். மரத்திலும் கல்லிலும் ஒளியால் எழுத்து வெட்டும் இந்த லேசர் மெஷினை விற்ற கம்பெனியின் சர்வீஸ் பெண். நான்கு வருடமாகக் குரலில் மட்டும் பழக்கம், நடுநடுவே கன்னடம் கலக்கும் குரல்.

"பிடுங்கிட்டேன்."

"பேனல்ல பச்சை லைட்டு அணைஞ்சிருக்கும் பாருங்க. ஆய்த்தா?"

விளக்கு மினுங்கியது.

"ஆச்சு," என்றாள் ஜோசஃபின்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கணவன் அமல் போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் அவள் ஆச்சு என்றே சொல்லிவந்தாள். சாப்பிட்டியா, ஆச்சு. தூங்கினியா, ஆச்சு. அழுதியா என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அதுதான் பதில்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்க மரச் சிலுவைகள், வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைகள், குழந்தை இயேசு படத்துக்கான வளைந்த சட்டங்கள். மெஷின் ஓடும் நாட்களில் அறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசனை இருக்கும். பிளைவுட் வெட்டினால் தீய்ந்த சர்க்கரை, அக்ரிலிக் என்றால் மூக்கை அரிக்கும் புளித்த பழம், பெல்ட்டில் பெயர் போடச் சொல்லி யாராவது தோலைக் கொண்டுவந்தால் தலைமுடி கருகும் வாடை. அன்றைக்கெல்லாம் மகள் சோனியா மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவிடுவாள். இருபத்தொன்பது நாளாக எந்த வாசனையும் இல்லை. ஊதுவத்தி வாசனைகூட இரண்டாவது வாரத்தோடு போய்விட்டது.

அமல் இந்த மெஷினின் மேல்தான் விழுந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் சாய்ந்தவர் அப்படியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அவள் சமையலறையிலிருந்து வந்தபோது மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தினாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவளுக்கு நினைவில்லை. மெஷின் வேலையை முடித்துவிட்டு மூன்று முறை பீப் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம், அவளைச் சுற்றிப் பஞ்சு அடைத்துவிட்ட மாதிரி, எல்லாம் அந்தப் பஞ்சுக்கு அந்தப் பக்கம் நடந்தது. கல்லறையில் மண் போட்டபோது அவள் நின்ற விதத்தைப் பார்த்து யாரோ வாய்விட்டே சொன்னார்கள், கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று. உண்மைதான். மனசு மட்டுமில்லை. இரண்டு வாரம் முன்பு தோசைக்கல்லின் விளிம்பில் விரல் பட்டு, எவ்வளவு நேரம் பட்டிருந்ததோ, தோல் வெந்து வெளுத்த பிறகுதான் பார்த்தாள். வலிக்கவே இல்லை. முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சோனியாதான் அப்போது "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னடி?"

"தெரியலம்மா. சுள்ளுனு சுட்டுச்சு."

எறும்பாக இருக்கும் என்று சொன்னாள் ஜோசஃபின். ராத்திரி சோனியா அழுதபோதும், அழுது முடித்துவிட்டு மறுபடி எழுந்து உட்கார்ந்து, இந்த முறை ஏன் என்றே தெரியாமல் அழுதபோதும், முதுகைத் தடவிக்கொடுத்தாள். பதினொரு வயதுக் குழந்தைக்கு இரண்டு பேர் அழுகிற அழுகை. சின்ன உடம்பில் இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நினைத்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வேற கேபிள் போட்டுப் பாருங்க. கம்ப்யூட்டர்ல முன்னாடி ஓட்டையில வேணாம், பின்னாடி ஓட்டையில சொருகுங்க. ரெண்டுக்கும் சண்டைக்கா. புருஷன் பொண்டாட்டி மாதிரி. நான் நடுவுல உக்காந்து பஞ்சாயத்து பண்ணணும்." சொன்ன வேகத்தில் ரூபினி நிறுத்தினாள். "சாரிக்கா. வாய் சும்மா இருக்காது எனக்கு."

"பரவால்ல."

வேறு கேபிள் போட்டாள். காணவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். காணவில்லை. எர்த் ஒயரைத் தொட்டு இறுக்கினாள். வெளியே வானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் மழை சந்தின் தகரக் கூரைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி வந்து கடைசியில் இவள் கூரையில் இறங்கியது.

"ஒரு மெஷின் ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் பேசும்க்கா. அதுக்கு ரெண்டு குடும்பம் கிடையாது," என்றாள் ரூபினி. "வேற எங்கயோ பிடிச்சுக்கிட்டு இருந்தா நீங்க அனுப்புறது உள்ள போகாது. அண்ணன் பழைய லேப்டாப் எதுலயாச்சும் கனெக்ட் பண்ணி வெச்சிருந்தாரா?"

"இல்ல. இது ஒண்ணுதான்."

"இன்னிக்கே வேணுமா?"

"நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிஞ்சதும் ஃபாதர் கல்லறைக்கு வந்து கல்லை மந்திரிப்பாரு. தேதி இல்லாம எப்படி வைக்கிறது?"

"பண்ணிடலாம்க்கா," என்றாள்.

கல் மெஷினுக்குள் கிடந்தது. கறுப்புக் கிரானைட், இரண்டு பேர் தூக்கி வைத்தது, நான்கு மூலையிலும் கிளாம்ப் இறுக்கியது. போன வருடம் மாமியார் இறந்தபோது அமல் செய்தது. குடும்பத்துக்கு ஒரே குழி. இடம் கிடைக்காத ஊரில் அதைத்தான் வருடங்கள் விட்டு மறுபடி மறுபடி திறக்க வேண்டும். அதனால் ஒரே கல். அமலின் வேலை முறை அப்படி: எல்லாப் பெயரையும் ஒரே தடவையில் போட்டுவிடுவார், இறந்த தேதியை மட்டும் அப்போதைக்கப்போது. அப்போதுதான் வரிகள் கோணாது. மாமனார், மாமியார், அமல்ராஜ், ஜோசஃபின். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பிறந்த தேதி, ஒரு சின்னக் கோடு. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கோட்டுக்கு அப்புறம் வெறும் கறுப்பு.

கடைசியாக, ஐந்தாவது வரியில், சோனியா.

"குழந்தை பேரை எதுக்குப் போட்டீங்க?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"கீழ அவ்ளோ இடம் சும்மா கெடந்தா அசிங்கமா இருக்கும் ஜோ."

"அவ கல்யாணம் ஆகிப் போயிடுவா."

"போனா அழிச்சிக்கலாம்."

"கல்லுல போட்டதை எப்படி அழிப்பீங்க?"

அவர் சிரித்தார். குக்கர் விசில் அடித்திருந்தது. அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

"அக்கா, இப்படிப் பண்ணலாம்," என்றாள் ரூபினி. "கம்ப்யூட்டரை விட்டுடுங்க. மெஷினோட மெமரில பழைய ஃபைல் ஏதாச்சும் இருக்கா பாருங்க. பேனல்ல ஃபைல் பட்டன்."

அழுத்தினாள். ஒரே ஒரு ஃபைல். ஆங்கில எழுத்தில் குடும்பம் என்று இருந்தது.

"இருக்கு. இந்தக் கல்லோடதுதான்."

"அய்யோ, அதிர்ஷ்டம்க்கா! அது கல்லுல எங்க வருதுன்னு ஃப்ரேம் போட்டுப் பாருங்க. சிவப்புப் புள்ளி எந்த இடத்தைச் சுத்துதோ அங்கதான் எழுதும். சரியான இடத்துல சுத்துச்சுன்னா சொல்லுங்க."

ஒளியைக் கக்கும் மெஷினின் தலை ஒரு முனகலோடு நகர்ந்தது. சிவப்புப் புள்ளி கல்லின்மேல் இறங்கி, மூன்றாவது வரியில், கோட்டுக்கு அப்புறம் இருந்த கறுப்பைச் சுற்றி ஒரு நீள்சதுரம் வரைந்தது. அமலின் தேதி வர வேண்டிய இடம். மயிரிழை பிசகவில்லை.

"சரியா இருக்கு," என்றாள்.

"ஸ்டார்ட் குடுங்க."

கொடுத்தாள். விசிறி இரைந்தது. தலை இறங்கி, கல்லின் உயரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பி நின்றது. அமல் எண்களை ஒவ்வொன்றாகத்தான் போட வைப்பார், ஒன்றின்மேலேயே நாலைந்து முறை ஓட்டி, நிதானமாக, ஆழமாக. ஒன்று. இரண்டு. புள்ளி. கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் எண்கள் எழுந்தன. ஈரமான சுண்ணாம்பு வாசனை வந்தது. பூஜ்யம். ஏழு. ஜூலை பன்னிரண்டு. வருடமும் சரி.

"சத்தம் கேக்குது! ஓடுதா? சூப்பர்க்கா. அப்ப நான் வெச்சிடட்டா? இன்னொரு கஸ்டமர் லைன்ல கத்துறாரு. ஆமேலே போன் பண்றேன்."

அழைப்பு முடிந்த பிறகுதான் அது ஜோசஃபினுக்குத் தோன்றியது. இந்த ஃபைல் அமல் இருந்தபோது மெஷினுக்குப் போனது. அவள் இன்றைக்கு டைப் செய்த தேதி இன்னும் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. அமல் சாகும் தேதி இதற்குள் எப்படி வந்தது?

கேள்வி வந்தது. பயம் வரவில்லை. பஞ்சுக்கு அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டுவதைக் கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

வேலை முடிந்தால் தலை மூலைக்குத் திரும்ப வேண்டும். மூன்று பீப் வர வேண்டும். வரவில்லை. பச்சை விளக்கு வேகமாக மினுங்கியது. தலை ஒரு வரி கீழே இறங்கியது.

நான்காவது வரி. சிவப்புப் புள்ளி அவள் பெயருக்குப் பக்கத்தில், கோட்டுக்கு அப்புறம் இருந்த கறுப்பைச் சுற்றியது. ஒரு முறை. இரண்டு முறை.

ஓ, என்று நினைத்தாள் ஜோசஃபின். அவ்வளவுதான். கால் வலிக்கிறபோது பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தால் வரும் ஆறுதல் போன்ற ஒன்று உடம்பில் பரவியது. இந்த வெறுமையைச் சுமந்துகொண்டு நாளைக்குப் பூசைக்குப் போக வேண்டாம். கல்லறையில் நின்று எல்லாரும் தன் கண்ணைப் பார்ப்பதைப் பார்க்க வேண்டாம். நிறுத்தும் பட்டன் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டவில்லை. போடு, என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். உதடுகூட அசைந்திருக்கும்.

புள்ளி நின்றது. அவளைக் கேட்டுக்கொண்டதுபோல நின்றது.

பிறகு எழுதாமலேயே, இன்னும் ஒரு வரி கீழே இறங்கியது.

ஐந்தாவது வரி.

ஜோசஃபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தைந்து. சோனியாவின் ஸ்கூல் வேன் நாலு பத்துக்கு வரும். வேன் இப்போது மழையில், நெரிசலில், எங்கோ ஒரு மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும். சிவப்புப் புள்ளி சோனியாவின் கோட்டுக்கு அப்புறம் இருந்த கறுப்பைச் சுற்றியது. ஒரு முறை. இரண்டு முறை.

தலை உயரம் பார்க்க இறங்கியது.

"வேணாம்," என்றாள்.

நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பூஜ்யம் வந்தது. மெயின் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறி நின்றது, கம்ப்யூட்டர் இருண்டது, ஃப்ரிட்ஜின் உறுமல் உள்ளே அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் அறைக்குள் பெரிதாக வந்து உட்கார்ந்தது. மெஷின் ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. ஒன்பது வந்தது.

ஒன்பது. இன்றைக்குத் தேதி ஒன்பது.

மூடியைத் தூக்கினாள். மூடி திறந்தால் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தும் சுவிட்சின்மேல் அமல் எப்போதோ டேப் ஒட்டிவைத்திருந்தார், திறந்து வைத்து வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று. புள்ளி. பூஜ்யம். கிளாம்பைத் திருகினாள். அசையவில்லை. நகம் பெயர்ந்தது. கல்லைப் பிடித்து இழுத்தாள். எட்டு. வேன் டிரைவருக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. புள்ளி.

வருடம்தான் பாக்கி.

கைக்குக் கிடைத்த பிளைவுட் துண்டை எழுதும் இடத்தின்மேல் வைத்தாள். தீய்ந்த சர்க்கரை வாசனை. புகை. ஒளி அதைத் துளைத்துக்கொண்டு கீழே போவது தெரிந்தது. துண்டை எடுத்தெறிந்தாள். கல்லில் இரண்டின் மேல் வளைவு, ஒரு நகக்குறி அளவு, தொடங்கியிருந்தது.

யோசிக்கவில்லை. இடது கையை வைத்தாள்.

உள்ளங்கை கல்லில் பதிய, புறங்கை மேலே தெரிய, ஐந்து விரலையும் விரித்து வைத்தாள். தலை நின்றது. மெல்ல இறங்கி அவள் புறங்கையைத் தொட்டது. உயரம் பார்த்தது. அதற்கேற்ற மாதிரி எழும்பியது.

எழுத ஆரம்பித்தது.

தலைமுடி கருகும் வாடை.

வலி இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். தோலில் ஒரு பழுப்புக் கோடு வளைந்து இறங்கி, இரண்டு ஆனது. அதே கோட்டில் மறுபடி. மறுபடி. கல்லின் பக்கம் குனிந்து பார்த்தாள். அங்கே அந்த நகக்குறி மட்டும். வளரவில்லை. என் கையில்தான் நிற்கிறது. என் கையோடு நிற்கட்டும். இருபத்தொன்பது நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் புரண்டது. சந்தோஷம் என்றே சொல்லலாம். பல்லைக் கடிக்கக்கூடத் தேவையிருக்கவில்லை. இந்த மரத்துப்போன உடம்பு இதற்காகத்தான் என்று நினைத்தாள். பூஜ்யம். இந்தப் பஞ்சு இதற்காகத்தான். இரண்டு.

சந்து முனையில் வேனின் ஹாரன் கேட்டது.

வந்துவிட்டாள். வேன் வந்துவிட்டது. கதவு இழுபடும் சத்தம். மழைத் தண்ணீரில் ஷூ கால் ஓடிவரும் சத்தம். ஒரே ஒரு எண்தான் பாக்கி. பிடித்துக்கொள், பிடித்துக்கொள் என்று தன் கைக்கே சொல்லிக்கொண்டாள். குழந்தை பார்க்கக் கூடாது என்று உடம்பைத் திருப்பி மெஷினை மறைத்துக்கொண்டாள். சிரிக்கக்கூட முயன்றாள்.

சோனியா வாசலில் நின்றாள். நனைந்த பின்னல். தோளில் ஒரு பக்கம் மட்டும் தொங்கிய பை. முகம் வெளுத்திருந்தது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள்.

"மா," என்றாள். "கை எரியுதும்மா."

ஜோசஃபின் அவள் கையைப் பார்த்தாள்.

"வேன்ல வரும்போதே எரிஞ்சுச்சு. டிரைவர் அங்கிள்கிட்ட சொன்னேன், ஒண்ணும் இல்லையேங்கறாரு. இப்ப பாரு." அவள் கையை நீட்டினாள்.

சின்னப் புறங்கை. ஈரம் பட்டு மினுமினுத்த தோல். அதில் பழுப்பு நிறத்தில், ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அமல் எப்போதும் வைக்கும் அந்த நிதானமான ஆழத்தில்: இரண்டு, பூஜ்யம், இரண்டு.

தோசைக்கல். ஸ்ஸ் என்று வாய்க்குப் போன விரல். காரணம் தெரியாமல் ராத்திரியில் அழுத இரண்டாவது அழுகை.

கையை எடுத்தால் கல். வைத்தால் குழந்தை.

வலி வா, என்று கெஞ்சினாள். தன் கையைப் பார்த்துக் கெஞ்சினாள். எனக்கு வா. என்கிட்ட வா. எரியும் புறங்கையை எரிய வைக்க உடம்பு முழுவதையும் முறுக்கினாள். வரவில்லை. கை யாருடையதோ போல அங்கே கிடந்தது.

முதுகுக்குப் பின்னால் தலை நகர்ந்தது. கடைசி எண்ணின் இடத்துக்கு வந்து நின்றது. முனகல் அடங்கியது. ஜோசஃபின் குனிந்து பார்த்தாள். அவள் புறங்கையில் சிவப்புப் புள்ளி இல்லை. கல்லிலும் இல்லை.

"இது என்னம்மா?" என்றாள் சோனியா, வாசலில் நின்றபடி.

நீட்டிய சின்னக் கையில், இரண்டாவது இரண்டுக்கு அப்புறம் இருந்த வெறும் தோலில், அசையாமல், சிவப்பாக அது நின்றுகொண்டிருந்தது.